ஃபைபர் வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும்? ஐடிஐ, டிஎஸ்எஸ்சி, சிஎஃப்ஓடி குழப்பம்

வண்ணார்பேட்டைக்காரன் (கேள்வி)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பேட்டை ஐடிஐயில எலக்ட்ரானிக் மெக்கானிக் முடிச்சிட்டு பாளையங்கோட்டை பக்கம் வீட்டு ஃபைபர் இணைப்பு வேலை பாக்கேன். ஸ்ப்ளைசிங், அதாவது ரெண்டு ஃபைபரை உருக்கி ஜாயிண்ட் அடிக்கிறது, தெரியும். ஓடிடிஆர் (ஃபைபருக்குள்ள ஒளியை அனுப்பி லாஸும் பழுதும் எங்கன்னு காட்டுற கருவி) அரைகுறை.

ஒரு பயிற்சி மையத்துல "சர்வதேச ஃபைபர் சான்றிதழ், 5 நாள், 35,000 ரூபாய், வளைகுடா வேலை உறுதி"ன்னு சொல்லுதாங்க. இன்னொருத்தர் டிஎஸ்எஸ்சி சான்றிதழே போதும், அது இலவசம்ங்கார். டவர் வேலை எடுக்கிற கான்ட்ராக்டர் ஒருத்தர் சிஎஃப்ஓடி இருக்கான்னு கேட்டார். மூணும் ஒண்ணா, வேற வேறயா? எதை முதல்ல எடுக்கணும்? செய்முறைத் தேர்வுல என்னத்தப் பாப்பாங்க? வெளிநாட்டுக்கு எது எடுபடும்?

டெண்டர் தாள்

மூன்றும் வேறு வேறு, தம்பி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஃபைபர் ஜாயிண்ட் அடிக்கத் தனி உரிமம் எதுவும் சட்டப்படி தேவையில்லை. கட்டட வயரிங்குக்குத் தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்று இருக்கிறது. ஃபைபருக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆகவே "இது இல்லாமல் வேலை செய்யக்கூடாது" என்று யாராவது ஒரு சான்றிதழை விற்றால் நம்பாதீர்கள். வேலை கொடுப்பவர் எதைக் கேட்கிறாரோ, டெண்டர் தாளில் ஆள் தகுதி என்ன என்று போட்டிருக்கிறதோ, அதுதான் செல்லும்.

உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பது ஐடிஐ தேசியத் தொழிற்சான்று. இரண்டு ஆண்டுப் படிப்பு. ஃபைபர் அதில் சிறு பகுதிதான், ஆனால் அரசு வேலை விளம்பரம், அப்ரண்டிஸ், பாஸ்போர்ட், வெளிநாட்டு அட்டஸ்டேஷன் (சான்று உண்மை என்று முத்திரை பெறுவது) எல்லாவற்றிலும் நிற்கிற காகிதம் அதுதான். அதைக் குறைவாக எடைபோடாதீர்கள். ஐடிஐ முடித்தபின் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்று தனியாகக் கிடைக்கும். தொலைத்தொடர்பு நிறுவனத்தில் அந்தப் பயிற்சி கிடைத்தால் இந்தப் பட்டியலில் வேறு எதையும்விட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

டிஎஸ்எஸ்சி என்பது டெலிகாம் துறைத் திறன் கவுன்சில். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் அது சான்று தருகிறது. உங்களுக்குப் பொருந்தும் பணிப்பெயர் இரண்டு: ஆப்டிகல் ஃபைபர் ஸ்ப்ளைசர், ஆப்டிகல் ஃபைபர் டெக்னீஷியன். ஸ்ப்ளைசர் என்றால் ஜாயிண்டும், அதை மூடி வைக்கும் பெட்டியான குளோஷரும். டெக்னீஷியன் என்றால் கேபிள் இழுப்பது, சோதிப்பது, பழுது கண்டுபிடிப்பது எல்லாம் சேரும். சான்றிதழில் பணிப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். விண்ணப்பத்தில் அந்த எண்ணோடு எழுதுங்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்கு முழுப் படிப்பு வேண்டாம். முன்அனுபவத்தை அங்கீகரிக்கும் ஆர்பிஎல் என்ற வழி உண்டு: சிறு அறிமுக வகுப்பு, அப்புறம் நேராக மதிப்பீடு. மதிப்பீட்டுக்கு வருபவர் பயிற்சி மையத்து ஆளாக இருக்கக்கூடாது, வெளி ஆளாக இருக்க வேண்டும். பிரதமரின் திறன் திட்டத்தில் இடம் கிடைத்தால் பயிற்சிக் கட்டணத்தை அரசே கட்டும். அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சிஎஃப்ஓடி அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய ஃபைபர் ஆப்டிக் அசோசியேஷன் தருவது. அரசு அமைப்பு அல்ல, லாப நோக்கமில்லாத தொழில்முறைச் சங்கம். அடிப்படைச் சான்று சிஎஃப்ஓடி. அதை முடித்தால்தான் அடுத்த கட்டமான சிஎஃப்ஓஎஸ்: ஸ்ப்ளைசிங், டெஸ்டிங், கனெக்டர், வெளிப்புற லைன், வீட்டு இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. சிஎஃப்ஓடி வாங்க இரண்டு வழி: அவர்கள் அங்கீகரித்த பள்ளியில் செய்முறையோடு படிப்பது, அல்லது கள அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டித் தேர்வு எழுதுவது. அதே சங்கம் ஃபைபர் யூ என்ற பெயரில் இலவச இணையப் பாடம் நடத்துகிறது. அதை முடித்தால் வருவது பாடம் முடித்ததற்கான சான்று மட்டுமே, சிஎஃப்ஓடி அல்ல. இந்த இரண்டையும் குழப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பிக்ஸி என்ற சங்கத்தின் பெயரும் காதில் விழும். அது கட்டடம், டேட்டா சென்டர் கேபிளிங் பக்கம். அதில் ஆர்சிடிடி என்ற சான்று வடிவமைப்பாளருக்கு உரியது. ஃபைபர் இன்ஸ்டாலருக்கு வேறு சான்று இருக்கிறது. வீட்டு இணைப்பு வேலையில் இருப்பவருக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ஸ்ப்ளைசர் மெஷின் அல்லது கேபிள் தயாரிக்கும் கம்பெனி ஒருநாள், இருநாள் பயிற்சிக்குத் தரும் காகிதம் கடைசி வகை. அதில் "கலந்துகொண்டார்" என்று இருக்கிறதா, "மதிப்பிடப்பட்டுத் தேர்ச்சி பெற்றார்" என்று இருக்கிறதா என்று வாசியுங்கள். முதலாவது இருந்தால் அது வருகைப் பதிவு, அவ்வளவுதான்.

குளோஷர் குமார்

டெண்டர் தாள் அண்ணாச்சி காகிதத்தைச் சொல்லிட்டார். செய்முறைத் தேர்வை நான் சொல்லுதேன். எந்தச் சான்றா இருந்தாலும் சோதிக்கிறது ஏறக்குறைய ஒண்ணுதான், விழுகிற இடமும் ஒண்ணுதான்.

முதல்ல விழுகிற இடம் ஸ்லீவ், ஜாயிண்டுக்கு மேல மூடுற சின்னக் குழாய். ஃபைபரை உரிச்சு, துடைச்சு, வெட்டி, ஜாயிண்டும் அடிச்சப்புறம்தான் ஸ்லீவ் போடலன்னு தெரியும். ஸ்ட்ரிப்பரைத் தொடுறதுக்கு முன்னாடி 60 மில்லிமீட்டர் ஸ்லீவை ஒரு பக்கம் ஏத்திருங்க. அடுத்து 250 மைக்ரான் கோட்டிங்கை 125க்கு உரிக்கணும். 3 செ.மீ. சுமாருக்கு ஒரே இழுப்பு. ரெண்டு மூணு தடவை சுரண்டினா கண்ணாடியில கீறல் விழும், ஸ்லீவைச் சுட வைக்கும்போதோ குளோஷருக்குள்ள இருக்கிற ட்ரேயில சுத்தும்போதோ முறியும். துடைக்கிறதுக்கு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். கைகழுவுற சானிடைசரை ஊத்தித் துடைச்சா அதுல இருக்கிற தண்ணியும் பசையும் படிஞ்சிரும், ஆர்க் (ஃபைபரை உருக்குற மின்பொறி) அடிக்கும்போது குமிழி வரும். துடைச்ச பிறகு விரல் படக்கூடாது. துடைச்சதுக்கு அப்புறம்தான் வெட்டணும்; வெட்டுன பிறகு திரும்பத் துடைக்கக்கூடாது. இந்த வரிசையை மதிப்பீட்டாளர் கண் கொட்டாம பாப்பார்.

கிளீவ் கோணம் (வெட்டுன நுனியோட சாய்வு) 1 டிகிரிக்குக் கீழ, முடிஞ்சா 0.5. கோணம் கூடிக்கிட்டே போகுதுன்னா பிளேடை அடுத்த நிலைக்குத் திருப்புங்க, அழுத்திப் பாக்காதீங்க. ஸ்ப்ளைசர் மெஷின் காட்டுற 0.01, 0.02 டிபி (டெசிபல், ஒளி இழப்பைச் சொல்ற அலகு) எல்லாம் கேமராவைப் பார்த்து மெஷின் போடுற மதிப்பீடு, அளவு இல்ல. உண்மையான லாஸை ஓடிடிஆர்தான் சொல்லும். வாய்மொழிக் கேள்வியில இது கட்டாயம் வரும்.

ஆர்க் கேலிபரேஷன் ஏன் பண்ணணும்னும் கேப்பாங்க. காத்தழுத்தம், ஈரப்பதம், வெப்பம் மாறினா ஆர்க்கோட சூடு மாறும், எலக்ட்ரோடு தேஞ்சாலும் மாறும். பாளையில அமைச்ச மெஷினை மாஞ்சோலை மலைக்கு ஏத்தினா மறுபடி ஓட்டணும். தென்காசி பக்கம் சாரல் நேரத்துலயும் அதேதான். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆடிக் காத்துல மூடியைத் திறந்து வச்சு வேலை பாத்தா மெஷின்ல ஃபைபரை வைக்கிற வி-பள்ளத்துல செம்மண் தூசி உக்காந்துரும். ஃபைபர் ரெண்டும் மேலும் கீழுமா நிக்கும். வேன் கதவுக்குள்ள, இல்லன்னா சின்ன கூடாரத்துக்குள்ள பண்ணுங்க.

இழைக்கும், இழைகளை வச்சிருக்கிற டியூபுக்கும் கலர் வரிசை மனப்பாடமா இருக்கணும்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், ஆக்வா. 12 இழை டியூபா இருந்தா 29ஆவது ஃபைபர் எதுன்னு கேட்டா, மூணாவது டியூப் (பச்சை), அதுல அஞ்சாவது (சாம்பல்)னு உடனே வரணும். ஒரு டியூபுக்கு எத்தனை இழைன்னு கேபிளுக்குக் கேபிள் மாறும், அதைக் கேட்டுக்கிட்டுப் பதில் சொல்லுங்க.

குளோஷர்ல பாதிப் பேர் மார்க் விடுதாங்க. கேபிள் நடுவுல இழுவையைத் தாங்குறதுக்கு இருக்கிற எஃப்ஆர்பி கம்பியை கிளாம்ப்ல இறுக்கலன்னா வெயிலுக்குக் கேபிள் நீண்டு சுருங்கும்போது டியூபை இழுத்து ட்ரேயில உள்ள ஃபைபரை வளைச்சிரும். உபயோகிக்காத போர்ட்டை (கேபிள் நுழையுற ஓட்டை) அடைக்காம விட்டா தண்ணி புகுந்துரும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒண்ணு வந்து தாமிரபரணிக்கரைச் சேம்பர் (குளோஷர் வைக்கிற குழி) முங்கிச்சுன்னா, அடைக்காத ஒரு போர்ட் வழியாவே குளோஷர் நிறையும். ட்ரேயில சுத்து 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாம இருக்கட்டும்.

இன்னொண்ணு, ஃபைபர் துண்டு. வெட்டுன துண்டை டேப்புல ஒட்டி மூடி போட்ட டப்பாவுல போடணும். மேசையில ஒரு துண்டு கிடந்தாலும் மார்க் போகும். கேபிள் டிவி லைனையும் கவனிங்க: 1550 நானோமீட்டர்ல இடிஎஃப்ஏ (ஒளியைப் பெருக்குற கருவி) போட்டு ஓட்டுற லைன்ல பவர் ரொம்ப அதிகம், கண்ணுக்குத் தெரியாது. நுனியை எந்தக் காரணத்துக்கும் கண்ணால பாக்கக்கூடாது. மைக்ரோஸ்கோப் வைக்கிறதுக்கு முன்னாடி பவர் மீட்டர்ல லைட் இல்லன்னு உறுதிபண்ணணும்; அந்த மீட்டரும் அவ்வளவு பவரைத் தாங்குற ரகமா இருக்கணும்.

வண்ணார்பேட்டைக்காரன்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஓடிடிஆர்ல என்ன கேப்பாங்க? நம்ம பக்கம் பவர் மீட்டர்ல மைனஸ் 19, மைனஸ் 20 டிபிஎம் (வந்துசேருற ஒளியோட அளவு) பாத்துட்டு வந்துருதோம்.

ரேடியஸ் 30

மைனஸ் 19 என்று வாசித்தால் போதாது. ஏன் மைனஸ் 19 என்று கணக்குச் சொல்லத் தெரிய வேண்டும். டெக்னீஷியன் நிலை மதிப்பீட்டுக்கும் சிஎஃப்ஓடிக்கும் லாஸ் பட்ஜெட், அதாவது வழியில் இழக்கும் ஒளியின் கணக்கு, உயிர்நாடி. ஒன்று போட்டுக் காட்டுகிறேன்.

ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) பி பிளஸ் வகை, மொத்தம் 28 டிபி லாஸ் வரை அனுமதி. நிறுவனப் பக்கக் கருவியான ஓஎல்டி அனுப்புவது +3 டிபிஎம். தூரம் 8 கி.மீ. கீழ்நோக்கி 1490 நானோமீட்டர், கி.மீ.க்கு 0.25 என்று வைத்தால் 2.0 டிபி. 1:8 ஸ்ப்ளிட்டர் (ஒளியை எட்டாகப் பிரிப்பது) 10.5, அதன் பின் 1:4 ஸ்ப்ளிட்டர் 7.2. கனெக்டர் ஜோடி 4, ஒவ்வொன்றும் 0.3 என்றால் 1.2. ஜாயிண்ட் 6, ஒவ்வொன்றுக்கும் 0.1 என்றால் 0.6. கூட்டினால் 21.5. +3இல் கழித்தால் மைனஸ் 18.5 டிபிஎம். வீட்டில் வைக்கும் கருவியான ஓஎன்டி மைனஸ் 27 வரை வாங்கும். அதே லைனில் மேல்நோக்கி 1310, கி.மீ.க்கு 0.35, ஆகவே 2.8, மொத்தம் 22.3. இரு திசையையும் போட்டுக் காட்டினால்தான் முழு மதிப்பெண். கணக்கு மைனஸ் 18.5 சொல்லி மீட்டர் மைனஸ் 24 காட்டினால் வீட்டில் நெட் ஓடத்தான் செய்யும், ஆனால் எங்கோ 5 டிபி ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அழுக்குக் கனெக்டர், இல்லையென்றால் பச்சை ஏபிசி கனெக்டரை (சாய்வான முகம்) நீல யூபிசியில் (சாய்வில்லாத முகம்) சொருகியிருப்பார்கள். 8 டிகிரி சாய்ந்த முகம் சாய்வில்லாத முகத்தோடு ஒட்டாது.

ஓடிடிஆரில் கேட்பவை நான்கைந்துதான். பல்ஸ் அகலம் (ஓடிடிஆர் அனுப்பும் ஒளித்துடிப்பின் நீளம்) முதலாவது: 10 நானோசெகண்டு என்றால் ஃபைபரில் சுமார் 1 மீட்டர், 100 என்றால் 10 மீட்டர், 1 மைக்ரோசெகண்டு என்றால் 100 மீட்டர். பக்கத்துப் பக்கத்து ஜாயிண்டைப் பிரித்துப் பார்க்கச் சிறியது, தூரத்துக்குப் பெரியது. பெரிய பல்ஸை வைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் பழுது தேடினால் எல்லாம் ஒரே மேடாகத் தெரியும்.

அடுத்து ஒளிவிலகல் எண்; இதை வைத்துத்தான் ஓடிடிஆர் தூரத்தைக் கணக்கிடுகிறது. 1550க்கு வழக்கமான ஜி.652டி ஃபைபரில் 1.468 சுற்று. அதை 1.460 என்று வைத்துவிட்டால் 10 கி.மீ. தூரத்தில் 55 மீட்டர் கூடுதலாகக் காட்டும். நாங்குநேரி நாற்கரச் சாலை ஓரத்தில் 165 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டுகிறவனுக்கு அந்த 55 மீட்டர் ஒரு நாள் கூலி. எண் சரியாக இருந்தாலும் டியூபுக்குள் ஃபைபர் முறுக்கிக் கிடப்பதால் கேபிளைவிட ஃபைபர் நீளம் அதிகம், சேம்பர்களில் சுற்றி வைத்த மிச்சக் கேபிளும் சேரும். ஆகவே தொடக்கத்திலிருந்து அளக்காமல், பழுதுக்கு அருகே உள்ள தெரிந்த ஜாயிண்டிலிருந்து அளந்து, கேபிள் உறையில் அச்சிட்ட மீட்டர் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

லாஞ்ச் கேபிள் (ஓடிடிஆருக்கும் லைனுக்கும் நடுவே போடும் ஃபைபர்) இல்லாமல் எடுத்த டிரேஸை (ஓடிடிஆர் வரையும் கோடு) மதிப்பீட்டாளர் ஏற்கமாட்டார்; முதல் கனெக்டர் டெட் சோனுக்குள் (ஓடிடிஆரால் பார்க்க முடியாத பகுதி) மறைந்துவிடும். கடைசிக் கனெக்டரையும் அளக்க மறுமுனையில் இன்னொரு கேபிள் வேண்டும். இருமுனைச் சராசரியும் கேட்பார்கள்: ஒரு பக்கத்திலிருந்து 0.18 டிபி லாஸ், மறுபக்கத்திலிருந்து 0.10 டிபி லாபம் என்று காட்டினால் உண்மை லாஸ் 0.04. இரண்டு ஃபைபரின் பின்சிதறல் (ஓடிடிஆருக்குத் திரும்பி வரும் ஒளி) வேறுபடும்போது, உதாரணமாக வீட்டுக்குப் போகும் ஜி.657 டிராப் கேபிளை ஜி.652இல் சேர்க்கும்போது, இப்படி வரும். "ஜாயிண்டில் லாபம்" என்று எழுதிக் கொடுத்தவரைத் தேர்ச்சியாக்க மாட்டார்கள்.

வளைவா, ஜாயிண்டா என்ற கேள்விக்கு இரு அலைநீளம் பாருங்கள். 1310இல் 0.05, 1550இல் 0.4 என்றால் வளைவு. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஜாயிண்ட் மோசம், திரும்ப அடிக்க வேண்டும். ஓடும் லைனில் 1310, 1550 அடிக்கக் கூடாது, வடிகட்டியுள்ள 1625 அல்லது 1650 போர்ட்தான்.

ஏர்வாடி டு ஜித்தா

வளைகுடா பற்றிக் கேட்டதுக்கு. அங்கே ரெண்டு தனித்தனிக் கதவு இருக்கு. விசாவுக்கு ஒரு காகிதம், சைட்டுக்கு ஒரு காகிதம். விசாவுக்கு அட்டஸ்டேஷன் ஆன கல்வித் தகுதி, அதாவது உங்க ஐடிஐ சான்று. சிஎஃப்ஓடி சைட்டில் ஆளை எடுக்கிற கன்சல்டன்ட் பாக்கிறது. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு ஆகாது.

ஐடிஐ சான்றை முதலில் மாநில அளவில் சரிபார்த்து, பிறகு வெளியுறவு அமைச்சகம். ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பரிலிருந்து சவுதியும் அப்போஸ்டில் (வெளியுறவு அமைச்சகம் தர்ற சர்வதேச முத்திரை) ஏத்துக்கும். அமீரகம், கத்தார், குவைத்துக்குத் தூதரக முத்திரை கூடுதலா வேணும், போன பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சக முத்திரையும். சிஎஃப்ஓடி அமெரிக்கச் சங்கத்தோடது. இந்திய மாநில முத்திரை வரிசையில் அது நிக்காது. சான்று எண்ணை வச்சுச் சங்கத்திடமே கேட்டுச் சரிபார்ப்பாங்க. காலாவதி தேதியும் உண்டு, புதுப்பிக்காம வச்சிருந்தா பயோடேட்டாவில் "முன்பு பெற்றது"ன்னு எழுதுங்க.

பத்தாவது தேறியிருந்தா பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவையில்லாத வகை கிடைக்கும், ஐடிஐ படிச்சவங்க அதை மாத்தாமலே விட்டுருதாங்க. ஏஜெண்ட் பதிவு எண்ணை அரசோட இ-மைகிரேட் தளத்தில் பாருங்க. பதிவு பெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கலாம்னு விதி சொல்ற சேவைக் கட்டணம் உச்சமா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். "சான்றிதழும் விசாவும் சேர்த்து" ஒரே தொகை கேட்டா ரெண்டுக்கும் தனித்தனி ரசீது கேளுங்க. கொடுக்கமாட்டாங்க, அதுலயே விவரம் தெரிஞ்சிரும்.

ஒப்பந்தத்தில் பணிப்பெயர் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. "ஃபைபர் டெக்னீஷியன்"னு பேசிட்டு விசாவில் "கேபிள் இழுப்பவர்"னு இருந்தா சம்பளமும் அதுக்குத்தான்.

குளோஷர் குமார்

சிஎஃப்ஓடி உள்ளூருக்கு வேஸ்ட்டுன்னுதான் நான் நினைக்கேன். திருநெல்வேலியில ஐஎஸ்பி (இணையச் சேவை கம்பெனி) கான்ட்ராக்டர் ஒருத்தரும் அதுக்காக 500 ரூபாய் கூடக் கொடுக்கப்போறதில்ல. ஆர்பிஎல் போதும்.

டெண்டர் தாள்

வீட்டு இணைப்பைப் பொறுத்தவரை குமார் சொல்வது சரி. ஆனால் இந்த மாவட்டத்தில் ஃபைபர் வேலை என்றால் வீட்டு இணைப்பு மட்டுமா? ராதாபுரம், வள்ளியூர் பக்கக் காற்றாலைகளில் டர்பைனிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு ஃபைபர் ஓடுகிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் தொழிற்சாலை நெட்வொர்க். அங்கே ஏலத்தாளில் ஆள் தகுதியும் சோதனை அறிக்கை வடிவமும் சேர்த்தே கேட்கலாம். அந்தப் பக்கம் போக நினைப்பவருக்கு டெஸ்டிங் பக்கச் சிஎஃப்ஓஎஸ் வீண் அல்ல. பஞ்சாயத்து வரை ஃபைபர் கொண்டுபோகும் அரசின் பாரத்நெட் வேலைக்கு நான் முதலில் டிஎஸ்எஸ்சியைத்தான் சொல்வேன்.

எந்தச் சான்றை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு கோப்பு வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, ஊர், கேபிள் வகை, இழை எண்ணிக்கை, ஸ்ப்ளைசர் மாடல், இருமுனை ஓடிடிஆர் டிரேஸ், கனெக்டர் முகத்தின் மைக்ரோஸ்கோப் படம், மேற்பார்வையாளர் கையெழுத்து. டிரேஸைப் படமாக மட்டும் வைக்காதீர்கள், மூலக் கோப்பாகவே வையுங்கள். எஸ்ஓஆர் என்ற அந்த மூலக் கோப்பில் பல்ஸ், அலைநீளம், நேரம் எல்லாம் உள்ளே இருக்கும், எவரும் திறந்து பார்க்கலாம். வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் அழித்துவிடுங்கள். அனுபவ வழியில் சிஎஃப்ஓடி கேட்கும்போதும் ஆர்பிஎல் மதிப்பீட்டிலும் முதலில் கைகொடுப்பது இந்தக் கோப்புதான். "5 ஆண்டு அனுபவம்" என்று லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி வாங்குவதால் பெரிய பயன் இல்லை.

ரேடியஸ் 30

அந்த 35,000 ரூபாய் மையத்திடம் பணம் கட்டுமுன் நேரில் போய் இவற்றைக் கேளுங்கள். சான்று யார் பெயரில் வரும்? சிஎஃப்ஓடி என்றால் சங்கத்தின் அங்கீகரித்த பள்ளிப் பட்டியலில் இந்த மையம் இருக்கிறதா? அதைச் சங்கத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள், சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றை நம்ப வேண்டாம். தேர்வுக் கட்டணமும் முதல் உறுப்பினர் கட்டணமும் 35,000க்குள் அடங்குமா? தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு?

பிறகு ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு ஒரு ஸ்ப்ளைசர்? நான்கு பேருக்கு மேல் ஒன்று என்றால் 5 நாளில் உங்கள் கைக்கு வரும் நேரம் சொற்பம். ஓடிடிஆர் உண்மையானதா, கணினியில் பாவனை மென்பொருளா? கிளீவரின் பிளேடைப் பாருங்கள், அதன் எண் கடைசி நிலையில் நிற்கிறதா என்று. லாஞ்ச் கேபிளும் மைக்ரோஸ்கோப்பும் மேசையில் இல்லாத இடத்தில் டெஸ்டிங் சொல்லித்தர முடியாது.

உங்களுக்கு என் வரிசை: இந்த மாதமே ஆர்பிஎல் மதிப்பீடு எங்கே நடக்கிறது என்று ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் தேடி டெக்னீஷியன் பணிப்பெயருக்குப் பதியுங்கள். கூடவே ஃபைபர் யூ பாடத்தை இலவசமாக முடியுங்கள். ஆங்கிலம்தான், ஆனால் படங்கள் அதிகம். வாடகைக்கு ஓடிடிஆர் எடுத்துப் பழைய டிரம் கேபிளில் இருமுனை டிரேஸ் எடுத்துப் பழகுங்கள். சிஎஃப்ஓடி கேட்ட அந்தக் கான்ட்ராக்டரிடம், அவருடைய ஏலத்தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். வரி இருந்தால் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

வண்ணார்பேட்டைக்காரன்

கேட்டுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. ஏலத்தாள்ல "டிஎஸ்எஸ்சி அல்லது அதற்கு இணையானது"ன்னுதான் போட்டிருக்கு. ஆர்பிஎல்லுக்குப் பதியுதேன்.